ஏட்டு வானமும் முற்றத்து வானமும்

பொழுது பட்டபின் இருள் முற்றுவதற்கு இடைப்பட்ட சிறுபொழுதை யாழ்ப்பாணத்தார் மைமல் என்பர். மேற்குவானத்தின் செம்மைக்கு எதிரே பனைகள் கருநிழலாய் நிற்க, மேய்ச்சலுக்குப் போன மாடு படலையடியில் வந்து கத்த, சுவாமிக்கு விளக்கேற்றும் அவ்வேளையிலே முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்க்கும் பிள்ளை முதன்முதலாகக் காணும் ஒளிப்புள்ளி எதுவாயினும், வீட்டார் அதற்குச் சொல்லும் பெயர் ஒன்றே: வெள்ளி. சுக்கிரனும் வெள்ளி, பெயர் தெரியாத தாரகையும் வெள்ளி. வைகறையில் தோன்றுவது விடிவெள்ளி. வாலோடு வருவது வால்வெள்ளி. இத்தனைக்கும் ஒரே சொல் போதுமென்று இருந்துவிட்ட மக்கள் வானத்தை அறியாதவர் என்று எவரேனும் கருதினால் அது பெரும்பிழையாகும்.

பழந்தமிழர் தாரகையையும் கோளையும் பிரித்தே வழங்கினர். தம்முள் இடம் பெயராது நின்று, சந்திரனுக்கு நாளுக்கொரு தங்குமிடமாய் அமைந்தவற்றை நாள்மீன் என்றும், அவற்றினிடையே ஊர்ந்து திரிபவற்றைக் கோள்மீன் என்றும் அவர்கள் சொன்னார்கள். அப்பிரிவு நமது வீடுகளில் இன்றும் அழிந்துபோகவில்லை. ஆனால் அது வாழ்வது வானத்தில் அன்று, சுவரிலே ஆணியில் தொங்கும் பஞ்சாங்கத்தில். தமக்கு ஏழரைச் சனி எப்போது தொடங்கி எப்போது தீரும் என்பதை நாள் தப்பாமற் சொல்லவல்லார் ஊருக்கு நூறுபேர் உளர். அந்தச் சனியை வானத்திலே இன்னதென்று சுட்டிக்காட்டவல்லாரைத் தேடினால் ஒருவர் கிடைப்பதும் அரிது. கோள்களோடு இவ்வளவு நெருங்கிய உறவு பூண்ட ஒரு சமுதாயம் அக்கோள்களைக் கண்ணெடுத்துப் பாராதிருப்பது எப்படி நேர்ந்தது என்று ஆராய்ந்தால், குடாநாட்டின் சரித்திரத்தில் இதுவரை ஒன்றோடொன்று அதிகம் பேசாத மூன்று பள்ளிகள் தென்படுகின்றன: அரசவையிலும் அக்கிரகாரத்திலும் வளர்ந்த கணிதம், கடலிலே வளர்ந்த பார்வை, பிற்காலத்தில் கப்பலேறி வந்த தொலைநோக்கி.

நல்லூரிலிருந்து ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகள் காலத்தில் சோதிடமும் வைத்தியமும் அரசரின் ஆதரவு பெற்ற வித்தைகளாய் விளங்கின. செகராசசேகரன் என்னும் சிம்மாசனப் பெயரைத் தாங்கி, செகராசசேகரம் என்ற வைத்திய நூலும் செகராசசேகரமாலை என்ற சோதிட நூலும் எழுந்தன. தென்னிலங்கையில் தம்பதெனியா அரசவையிலே 1310ஆம் ஆண்டில் போசராச பண்டிதர் என்பார் சரசோதிமாலையைத் தமிழில் அரங்கேற்றியிருந்ததனால், ஈழத்திலே இவ்வித்தை அன்று எவ்வளவு மதிக்கப்பட்டதென்பது விளங்கும். இந்நூல்கள் விதைப்புக்கும் மனை கோலுதற்கும் மணவினைக்கும் பிரயாணத்துக்கும் உரிய வேளைகளைக் கூறுவன. வேளை தெரிய வேண்டுமானால் சந்திரனும் கோள்களும் நிற்கும் இடம் தெரிய வேண்டும். அந்த இடத்தைக் கணிப்பதற்கு நம்முடைய பஞ்சாங்ககாரர் கைக்கொண்ட முறையே வாக்கியம் எனப்படுவது.

வாக்கியமுறையின் நுட்பம் வியக்கத்தக்கது. சந்திரன் சில நாள் விரைந்தும் சில நாள் தாழ்ந்தும் செல்வது. அந்த ஏற்றத்தாழ்வு ஒன்பது முறை சுழன்று முடிவதற்கு ஏறத்தாழ 248 நாட்கள் ஆகின்றன. ஆகவே அந்த 248 நாட்களுக்கும் நாளொன்றுக்கு ஒன்றாகச் சந்திரனின் இருப்பைக் கூறும் 248 சிறு சொற்றொடர்களை முன்னோர் இயற்றி, அவற்றை வரருசியின் பெயரால் வழங்கினர். கேட்பவர்க்கு வாழ்த்துப்போலவும் நீதிவாக்கியம் போலவும் தோன்றும் அச்சொற்றொடர்களில் ஒவ்வோர் எழுத்தும் ஓர் எண்ணைக் குறிக்கும். எழுத்தை எண்ணாக்கி முறைப்படி வாசித்தால் சந்திரன் நிற்கும் பாகையும் கலையும் வந்துவிடும். இவற்றைச் சிறுவயதிலேயே மனனம் செய்துகொண்ட ஒருவர், கருவியொன்றும் இன்றி, வானத்தை ஒருமுறையேனும் நிமிர்ந்து பாராமல், திண்ணையில் இருந்தபடியே ஆண்டு முழுவதற்கும் பஞ்சாங்கம் கணித்துவிடலாம். வாக்கியத்தின் பலமும் இதுவே, பலவீனமும் இதுவே.

இதற்கு ஒரு சாட்சி உண்டு. சென்னை வானாய்வு நிலையத்தில் முன்னர்ப் பொறுப்பு வகித்த ஜான் வாரன், 1825இல் வெளிவந்த தமது கால சங்கலிதம் என்னும் நூலிலே, புதுச்சேரியில் தாம் கண்ட தமிழ்க் கணிதர் ஒருவரைப்பற்றி எழுதியிருக்கின்றார். அக்கணிதர் தரையிலே சோழிகளைப் பரப்பி, அவற்றை எண்களாக மாற்றி மாற்றி வைத்து, அட்டவணைகளையெல்லாம் ஞாபகத்திலிருந்தே எடுத்து, அவ்வாண்டு நிகழவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்தார். தொடக்கத்தில் அவர் கணக்கு நான்கு நிமிடமே பிசகியது. நடுவில் இருபத்துமூன்று நிமிடமும் முடிவில் ஐம்பத்திரண்டு நிமிடமும் பிசகின. அந்த முறைக்கு ஆதாரமான தத்துவம் யாதென்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. பல நூற்றாண்டுகளுக்கு முன்னர் எவரோ ஊன்றிப் பார்த்துக் கண்ட உண்மை, பார்வையை இழந்த பின்னும் சோழிகளின் வாயிலாக இயங்கிக்கொண்டிருந்தது என்பதை எண்ணும்போது ஆச்சரியமும் ஓரளவு துக்கமும் ஒருங்கே தோன்றுகின்றன.

இனி, இரண்டாவது பள்ளிக்கு வருவோம். பருத்தித்துறையிலும் வல்வெட்டித்துறையிலும் கடற்கரையில் நின்று வடக்கே நோக்குபவனுக்கு எதிரே நிலம் இல்லை. நீர்விளிம்பும் அதற்கு மேலே வானமுந்தான். ஒரு கையை நேரே நீட்டி, முட்டியாகப் பொத்தி, அதன் அடிப்பாகத்தைக் கடல்விளிம்பிலே பொருந்த வைத்தால், முட்டியின் மேல்விளிம்பை ஒட்டினாற்போல, அதிகப் பிரகாசமில்லாத ஒரு மீன் தனித்து நிற்கக் காணலாம். அதுவே துருவம். பருத்தித்துறை பூமத்திய ரேகைக்கு வடக்கே பத்துப் பாகைக்குச் சற்றுக் குறைந்த தூரத்திலிருப்பதனாலே, துருவமும் அங்கே அடிவானத்திலிருந்து அந்த அளவு உயரத்திலேயே நிற்கின்றது. நீட்டிய கையின் முட்டியும் ஏறத்தாழப் பத்துப் பாகை. நாகப்பட்டினத்துக்குப் பாய்விரித்துப் போகின்றவனுக்கு அது ஒரு பாகை உயரும். சென்னைக்குப் போகின்றவனுக்கு இரண்டு விரலளவு உயரும்.

கடலோடிகளுக்கு இதுவே அட்சரேகைக் கணிதம். சிறு பலகையொன்றின் நடுவே துளையிட்டு, அதிற் கயிற்றைக் கோத்து, கயிற்றைப் பல்லிலே கடித்துக்கொண்டு, பலகையின் கீழ்விளிம்பைக் கடலோடும் மேல்விளிம்பைத் துருவத்தோடும் பொருந்தப் பிடிக்கும் கருவிக்கு இராப்பலகை என்று பெயர். கயிற்றிலே துறைமுகத்துக்கொன்றாக முடிச்சு இட்டிருப்பர். துருவம் எந்த முடிச்சில் வந்து பொருந்துகின்றதோ அந்தத் துறைக்கு நேரே கப்பல் வந்துவிட்டது என்பது பொருள். சோழமண்டலக் கரையின் மாலுமிகள் இத்தகைய உபாயங்களைக் கையாண்டதைக் காங்கிரீவ் என்ற ஆங்கிலேயர் 1850இல் சென்னைச் சஞ்சிகையொன்றில் விவரித்திருக்கின்றார். அக்கரைக்கும் வடமராட்சிக்கும் இடையே நெல்லும் ஓடும் புகையிலையும் ஏற்றி ஓயாது போய்வந்த பாய்க்கப்பல்களின் தண்டையல்மார், அறுமீன் என்றும் ஆறாமீன் என்றும் பெயர்பெற்ற கார்த்திகைக் கூட்டம் எந்த மாதத்தில் எந்த நாழிகையில் உதிக்கும், தெற்கே அகத்தியன் எப்போது தலைகாட்டும் என்பவற்றைத் தகப்பனிடமிருந்து மகன் கேட்டுத் தெரிந்துகொள்ளும் குலவித்தையாகவே காத்துவந்தார்கள்.

அவ்வித்தையின் பெருமைக்கு வல்வெட்டித்துறையில் 1930ஆம் ஆண்டளவிற் கட்டப்பட்ட அன்னபூரணி சான்றாக நிற்கின்றாள். அமெரிக்கர் ஒருவர் அவளை விலைக்கு வாங்கிப் புளோரன்ஸ் சி. ரொபின்சன் எனப் பெயர்மாற்றியபின், தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளை முதலாய ஊர் மாலுமிகள் உடன்செல்ல, சூயஸ் கால்வாயையும் மத்தியதரைக் கடலையும் அத்திலாந்திக் சமுத்திரத்தையும் பாயினாலே கடந்து, 1938 ஆகஸ்டு மாதத்தில் அவள் அமெரிக்காவின் குளொஸ்டர் துறையைச் சேர்ந்தாள். ஆனால் நம் நாட்டில் நூல் எழுதியவன் கடலுக்குப் போகவில்லை. கடலுக்குப் போனவன் நூல் எழுதவில்லை. வாக்கியத்தை மனனம் செய்த திண்ணைக்கும் முடிச்சுக் கயிற்றைப் பல்லிற் கடித்த அணியத்துக்கும் இடையே ஐந்தாறு கட்டைத் தூரமே இருந்தும், அத்தூரத்தைக் கடந்து சென்று சந்தேகம் கேட்டவர் அரியர்.

மூன்றாவது பள்ளி, பெயராலும் பள்ளியே. அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரி, ஊரார் வாயிற் சாத்திரசாலை எனப்பட்டது. அதன் முதல்வராகிய டானியல் பூவர், தமிழும் ஆங்கிலமும் கணிதமும் கற்பித்ததோடமையாது, வானசாஸ்திரத்துக்கும் பெரிதும் முக்கியத்துவம் கொடுத்தார். அவருடைய நோக்கம் வெறும் கல்வி மாத்திரமன்று. கோள்களைப்பற்றிய புராணக் கருத்துக்கள் பிழையென்று காட்டினால், அவற்றோடு சேர்ந்த சமயநம்பிக்கையும் தளரும் என்று அவர் எண்ணினார். அதற்கு ஏற்ற சந்தர்ப்பம் 1829இல் வாய்த்தது.

அக்காலத்திலே வட்டுக்கோட்டைக்கு அயலாகிய அராலியில் விசுவநாத சாஸ்திரியார் என்னும் பெரியார் வாழ்ந்திருந்தார். நகுலமலைக் குறவஞ்சி பாடிய புலவரும் அவரே. குடாநாடு முழுவதும் நம்பிக் கைக்கொண்ட பஞ்சாங்கத்தைக் கணித்தவரும் அவரே. அவ்வாண்டு மார்ச் மாதம் 20ஆம் திகதி, பங்குனிப் பூரணையன்று, நிகழவிருந்த சந்திர கிரகணத்தை அவருடைய பஞ்சாங்கம் குறித்திருந்தது. பூவர் ஐரோப்பிய முறையினாற் கணித்துப் பார்த்தபோது, கிரகணம் தொடங்கும் வேளையிலும், சந்திரன் மறையும் அளவிலும், கிரகணம் நீடிக்கும் நேரத்திலும் இரண்டு கணக்குக்களும் வேறுபட்டன. செய்தி பரவியது. சாஸ்திரியாரின் கணக்குப் பிழைக்குமென்று நம்புவார் மிகச் சிலர். பார்க்க விரும்பியவரோ பலர். அன்றிரவு வானம் தந்த தீர்ப்புச் சாத்திரசாலைக்குச் சாதகமாயிற்று.

இந்நிகழ்ச்சியை மிஷனரிமார் தமது சமயத்தின் வெற்றியாக எழுதிக்கொண்டனர். அதனால் நம்மவர் சிலர் இதனைப் பேசவும் விரும்பாராயினர். இரண்டும் பொருந்தாத மனநிலைகள். கிரகணம் பூமியின் நிழலால் உண்டாவதென்பதை நம்முடைய சித்தாந்த நூல்கள் ஆரியபடர் காலந்தொட்டே கூறிவந்தன; பஞ்சாங்ககாரர் கணித்ததும் அந்த நிழலின் போக்கையன்றிப் பாம்பின் வாயையன்று. பிழைத்தது சாஸ்திரமன்று, நூற்றாண்டுக்கணக்காக வானத்தோடு ஒப்பிட்டுத் திருத்தப்பெறாத எண்களே பிழைத்தன. நல்ல கடிகாரமும் நாளொன்றுக்கு அரை நிமிடம் பின்னடையுமாயின், முள்ளைத் திருத்துவாரின்றி ஓராண்டு ஓடியபின் மூன்று மணி நேரம் தவறிக்காட்டுமன்றோ? அதுபோலவே இதுவும். புதுச்சேரிக் கணிதரின் சோழிகளிலும் அராலிச் சாஸ்திரியாரின் ஏட்டிலும் நேர்ந்தது ஒரே வகைப் பிசகுதான்.

பூவருக்குப் பின் செமினரிக்குத் தலைமை தாங்கிய ஹென்றி ஹொய்சிங்டன் இதனை நன்கு உணர்ந்திருந்தார் போலும். இந்து வானசாஸ்திரத்தை இகழ்ந்து ஒதுக்காமல் முறையாகக் கற்று, அதன் கணித முறைகளைத் தமிழ் மூலத்தோடும் ஆங்கில மொழிபெயர்ப்போடும் 1848இல் யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் அச்சகத்தில் நூலாக வெளியிட்டார். அதற்கு முன்னரே, 1841 ஜனவரியில், செமினரியோடு தொடர்புடையோர் தொடங்கிய பத்திரிகைக்கு இட்ட பெயரும் வானத்திலிருந்து எடுத்ததே: உதயதாரகை. தாரகை என்று பெயர் சூட்டப்பட்ட அந்த விடிவெள்ளி உண்மையிலே ஒரு கோள் என்பது அப்பத்திரிகையை நடத்தினோர்க்குத் தெரியாததன்று. ஊர்வழக்கு அவர்களையும் வென்றுவிட்டது.

செமினரி 1855இல் மூடப்பட்டது. அதிற் கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் சென்னைச் சர்வகலாசாலையின் முதற்பட்டதாரிகளாயினர். இருவரும் பிற்காலத்திற் சைவராகவே வாழ்ந்தமை, கிரகண நிமிடங்கள் சமயத்தைத் தீர்மானிப்பதில்லை என்பதற்குப் போதிய விடை. செமினரி இருந்த இடத்திலே 1872இல் எழுந்த யாழ்ப்பாணக் கல்லூரியிற் கணிதம் கற்பித்த காரைநகர் ஆலன் ஆபிரகாம், 1910இல் ஹலியின் வால்வெள்ளி வந்தபோது அதனைக் கணித்து எழுதிப் புகழ்பெற்று, இலண்டன் அரச வானியற் கழகத்தின் உறுப்பினராகவும் ஏற்கப்பட்டார். கணக்கும் பார்வையும் ஒரே ஆளிடத்திற் கூடிய அபூர்வமான சந்தர்ப்பம் அது.

பஞ்சாங்க உலகமும் வாளாவிருக்கவில்லை. கண்ணாற் காணும் நிலைக்கு ஒத்துவருமாறு திருத்திக் கணிப்பது திருக்கணிதம் எனப்பட்டது. சென்னை வானாய்வு நிலையத்திற் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி போன்றோர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதற்காகப் போராடினர். யாழ்ப்பாணத்தில் இன்றுவரை இரண்டும் வழங்குகின்றன. கொக்குவில் இரகுநாதையர் பெயரால் வரும் வாக்கிய பஞ்சாங்கத்தைக் கைவிடாத வீடுகளும் உண்டு, திருக்கணிதத்தையே நம்பும் வீடுகளும் உண்டு. சித்திரை வருடப்பிறப்பு எத்தனை மணிக்கு என்ற வினாவுக்கு ஆண்டுதோறும் பத்திரிகைகள் இரண்டு விடைகளை அச்சிடுகின்றன. எது சரி என்று வழக்காடுவோரில் எத்தனைபேர் முற்றத்தில் இறங்கிப் பார்த்தனர் என்பதுதான் கேட்கத்தக்க கேள்வி.

அப்படி இறங்கிப் பார்க்க விரும்பும் புதியவனுக்கு, பஞ்சாங்கத்தைவிடச் சிறந்த வழிகாட்டி வேறு வேண்டியதில்லை. இன்று உரோகிணி என்று அதில் எழுதியிருந்தால், இன்றிரவு சந்திரன் உரோகிணி என்னும் செந்நிற மீனின் பக்கத்தில் நிற்கின்றது என்பதே அதன் பொருள். நாளொரு நட்சத்திரமாக இருபத்தேழு வீடுகளிலும் சந்திரன் தானே சென்று விரல்நீட்டிக் காட்டும்போது, ஒரு மாதம் பொறுமையுடையவன் நாள்மீன்களிற் பெரும்பாலானவற்றை அறிந்துவிடலாம். மார்கழித் திருவாதிரையிற் பூரணச் சந்திரன் ஆதிரை என்னும் செம்மீனை அடுத்தே எழும். தைப்பூசத்திற் பூசத்தோடும், சித்திராபூரணையிற் சித்திரையோடும் எழும். நம் திருவிழாக்களின் பெயர்களே ஒரு நட்சத்திரப் பாடம்.

கோள்களுக்கும் இந்த ஏடே போதும். நமது இராசிகள் நட்சத்திரங்களோடு பிணைந்தவை. ஆதலால் வியாழன் இடபத்தில் என்று கண்டால், கார்த்திகைக்கும் உரோகிணிக்கும் அயலிலே, முன்னர்ப் பழகாத ஒரு பேரொளியைத் தேடுதல் வேண்டும். உச்சிக்கு அண்மையில் தாரகைகள் சிமிட்டும்போது கோள் அமைதியாக நின்று ஒளிரும். அடிவானத்தில் எல்லாமே சிமிட்டுமாகையால் அங்கே இந்தப் பரீட்சை செல்லாது. வெள்ளி சூரியனைவிட்டு நாற்பத்தேழு பாகைக்கு மேல் அகலாது. ஆகவே நடுநிசியில் உச்சியிலே ஜொலிப்பது ஒருபோதும் வெள்ளியாகாது. புதன் இன்னும் நெருங்கியே திரிவதால், மைமலின் செம்மைக்குள்ளே தேடினாலன்றி அகப்படாது. செவ்வாயை அதன் நிறம் காட்டிக்கொடுக்கும். வியாழன் ஆண்டுக்கு ஓர் இராசி நகரும். சனி இரண்டரை ஆண்டுக்கு ஓர் இராசி நகரும். மூன்று இராசிகளைக் கடக்கும் அந்த ஏழரை ஆண்டுகளையே நாம் அஞ்சுகின்றோம். அஞ்சப்படும் அந்தக் கோளோ, மங்கிய மஞ்சள் நிறத்தோடு, எவரையும் வருத்தும் அவசரம் சிறிதும் இன்றி, ஒரே மூலையில் மாதக்கணக்காக நின்றுகொண்டிருக்கும்.

தொடங்குவதற்கு விளக்கீட்டைவிட நல்ல நாள் இல்லை. கார்த்திகைப் பூரணையன்று நம் வளவுகளில் வாசலிலும் கிணற்றடியிலும் மாட்டுக்கொட்டிலிலும் தடிகளிலே துணிசுற்றிய பந்தங்கள் எரிய, கோயில் வீதியிற் சொக்கப்பானை எழுந்து எரிய, கிழக்கே சந்திரன் கார்த்திகை மீன்களோடு உதயமாகும். ஆனால் அன்று அந்த அறுமீனைத் தேடாதீர்கள். நிலவின் வெள்ளம் அவற்றை மூழ்கடித்திருக்கும். நான்கைந்து நாள் பொறுத்திருந்தால், சந்திரன் இரவு பத்து மணியளவிலேயே உதிக்கும். பந்தத்தடிகள் கரிந்து கிணற்றடியிற் சாய்ந்து கிடக்கும் அந்த முன்னிரவில், கிழக்கு வானத்திற் சிறு கொத்தாக ஒரு மங்கல் ஒளி தோன்றும்; நேரே உற்றுப்பார்த்தால் அது மறைவதுபோலவும், கண்ணைச் சற்று விலக்கினால் மீண்டும் தெளிவதுபோலவும் இருக்கும். ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்குங்கள். அதன் கீழே செம்மையாய் நிற்பது உரோகிணி. அந்த வட்டாரத்தில் உங்கள் பஞ்சாங்கம் கூறாத ஒரு வெள்ளி நின்றால், பஞ்சாங்கத்தை உள்ளே எடுத்துச்சென்று விளக்கடியில் மறுபடி பாருங்கள். அதன்பின் திரும்பவும் முற்றத்துக்கு வாருங்கள்.